கௌபாய்க்கு உண்மையில் என்ன வேலை? மந்தை, கயிறு, சூட்டுக்கோல், வேலி

#1 மேய்ச்சல்நிலம்

கௌபாய் என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது துப்பாக்கியும் தொப்பியும்தான். சினிமாவும் சிவகாசிக் காமிக்ஸும் நம்மை அப்படிப் பழக்கியிருக்கின்றன. அந்த உருவத்துக்குப் பின்னால் இருக்கும் தொழிலைப் பற்றித் தமிழில் பேச்சு குறைவு. அதற்காகத்தான் இந்த இழை. தெரிந்தவர்கள் கருவி, அளவு, காரணம் என்று விவரமாக எழுதுங்கள்.

நெடும்பயண மந்தையிலிருந்து தொடங்குகிறேன். 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் லாங்ஹார்ன் மாடுகள் லட்சக்கணக்கில் பெருகிக் கிடந்தன. உள்ளூரில் ஒரு மாடு 4 டாலருக்கு விற்றால் பெரிது. வடக்கு நகரங்களில் அதே மாடு 40 டாலர் வரை போனது. நடுவில் ரயில் இல்லை. 1867-இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி கான்சாஸின் அபிலீன் ரயிலடியில் பட்டிகள் கட்டினார். அதன்பின் சிஷோம் பாதையில் மந்தைகள் வடக்கு நோக்கி நடக்கத் தொடங்கின. இந்த நெடும்பயணக் காலம் மொத்தமே ஏறக்குறைய இருபது ஆண்டுகள்.

ஒரு மந்தை 2,500 முதல் 3,000 தலை. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்கள்தான். மந்தைத் தலைவர் முன்னே போய் தண்ணீரும் இரவு தங்க இடமும் பார்ப்பார். சமையற்காரர் வண்டியோடு போவார். குதிரைகளை மேய்க்க ஒரு பையன். மற்றவர்கள் மாட்டைச் சுற்றி. முகப்பில் இரு பக்கமும் நல்ல அனுபவசாலிகள் இருவர்; இந்த இடத்துக்குப் பாயின்ட் என்று பெயர். அதற்குப் பின்னால் ஸ்விங், அடுத்து ஃபிளாங்க், கடைசியில் டிராக். புழுதியை எல்லாம் விழுங்கி, நொண்டும் மாட்டையும் சோர்ந்த மாட்டையும் தள்ளிக்கொண்டு வருவது டிராக்கின் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த இடம்தான். கழுத்துத் துணி மூக்குக்கு ஏறுவதும் அங்கேதான்.

ஒரு நாளைக்கு 10 முதல் 15 மைல், அதாவது 16 முதல் 24 கிலோமீட்டர். அதற்கு மேல் போக முடியும், ஆனால் போகக்கூடாது. மாடு மேய்ந்துகொண்டே நடக்க வேண்டும். விரட்டினால் எடை இறங்கும். எடை இறங்கினால் ரயிலடியில் விலை இறங்கும். மாட்டுக்குத் தெரியாமல் மாட்டை நகர்த்துவதுதான் இந்தத் தொழிலின் திறமை. குதிரையைப் பாய விட்டு மந்தையைத் துரத்தும் காட்சியை ஒரு மந்தைத் தலைவர் பார்த்திருந்தால் அந்த ஆளை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருப்பார்.

கூலி மாதம் 25 முதல் 40 டாலர். சமையற்காரருக்கு அதைவிடக் கூடுதல். தலைவருக்கு 100 டாலரும் அதற்கு மேலும்.

#2 பட்டிக்காவல்

நல்ல தொடக்கம் ஐயா. இரவைப் பற்றி நான் சொல்கிறேன். ஆட்கள் செத்தது பெரும்பாலும் இரவிலும் ஆற்றிலும்தான்.

பொழுது சாயும்போது மாட்டை வயிறார மேயவிட்டு, தண்ணீர் காட்டி, மேடான காய்ந்த தரையில் படுக்க வைப்பார்கள். பசியோ தாகமோ உள்ள மாடு படுக்காது. படுக்காத மாடு எதற்கும் மிரளும். இரவுக் காவல் இரண்டு மணி நேர முறை, இருவர் இருவராக. இருவரும் எதிரெதிர் திசையில் மந்தையை மெதுவாகச் சுற்றுவார்கள். ஒரு சுற்றில் இரண்டு முறை ஒருவரை ஒருவர் கடப்பதால், கூட்டாளி குதிரையிலிருந்து விழுந்துவிட்டாலோ மாடு கலைந்தாலோ உடனே தெரியும். தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டே சுற்றியதற்கும் காரணம் உண்டு. இருட்டில் திடீரென்று கேட்கும் குதிரைக் கனைப்பும் அங்கவடி உரசலும் மாட்டைத் தூக்கிவாரிப் போடும். தொடர்ந்து ஒரு குரல் கேட்டுக்கொண்டிருந்தால், ஆள் எங்கே வருகிறான் என்று மாட்டுக்குத் தெரிந்திருக்கும்.

மிரண்டோட்டத்துக்கு முதல் காரணம் மின்னல். மந்தை எழுந்து ஓடத் தொடங்கினால் பின்னால் துரத்துவதில் பயனில்லை. முன்னால் ஓடும் தலைமாடுகளின் தோளுக்குப் பக்கவாட்டில் குதிரையைக் கொண்டுபோய், ஒரு பக்கமாக, வழக்கமாக வலப்பக்கம், நெருக்கி வளைக்க வேண்டும். வளைவு சுருங்கச் சுருங்க முன்மாடுகள் மந்தையின் வாலைத் தொட்டுவிடும், ஓட்டம் சக்கரமாகும். அதைத் தப்பாகச் செய்பவர்கள் சக்கரம் அமைந்த பிறகும் நெருக்கிக்கொண்டே இருப்பார்கள். நடுவில் இருக்கும் மாடு நசுங்கும், உடல் சூடேறி விழும். ஓட்டம் நின்றதும் இடம்விட்டு விலகி, தானாகப் பரவ விட வேண்டும். குழிமுயல் போல வளை தோண்டும் பிரெய்ரி நாய்களின் பொந்துகளில் குதிரையின் கால் சிக்கி ஆள் விழுவதும் அந்த இருட்டில்தான்.

விடிந்ததும் கணக்கெடுப்பு. இரண்டு குதிரைக்காரர்கள் எதிரெதிரே நிற்க, மாட்டை நடுவில் வரிசையாக விடுவார்கள். நூறு எண்ணியதும் கயிற்றில் ஒரு முடிச்சு, அல்லது ஒரு சட்டைப்பையிலிருந்து மறுபையில் ஒரு கூழாங்கல். இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் பயணம் தொடரும்.

ஆறு வேறு கதை. கரையை அடையும்போது மாடு தாகத்தோடு இருக்க வேண்டும். அப்போதுதான் தயங்காமல் இறங்கும். எதிர்க்கரையிலிருந்து சூரியன் கண்ணில் அடிக்கும் நேரத்தில் இறக்கினால் பாதி ஆற்றில் மாடு திரும்பிவிடும். திரும்பிய மாடுகள் தண்ணீரிலேயே சக்கரமடிக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூழ்கும். அதை உடைக்க நீந்தும் குதிரையோடு ஆள் நடுவே போக வேண்டும். அந்த ஆட்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. நீந்தும் குதிரையின் கடிவாளத்தை இழுத்தால் அதன் தலை அமிழும். சேணத்திலிருந்து பக்கவாட்டில் வழுகி, பிடரியையோ வாலையோ பிடித்துக்கொள்வதுதான் வழி.

#3 சேணம்

பட்டிக்காவல் அண்ணா, இரவுக் காவலுக்குத் தனிக் குதிரை உண்டு என்பதையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஆளுக்கும் ஆறு முதல் பத்துக் குதிரைகள். எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு ரெமூடா என்று பெயர். பெரும்பாலும் காயடித்த குதிரைகள்தான். பெட்டைக் குதிரை கலந்தால் கூட்டத்தில் சண்டை வரும். மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்தெடுக்க ஒரு குதிரை, ஆற்றில் இறங்க ஒன்று, இரவுக்கு ஒன்று. இரவுக் குதிரைக்குப் பதறாத குணமும், இருட்டிலும் தடுமாறாத காலும், வண்டி நிற்கும் இடத்தைத் தானே தேடி வரும் அறிவும் வேண்டும். காலையில் நான்கைந்து பேர் ஒற்றைக் கயிற்றை இடுப்புயரத்தில் பிடித்து வட்டமாக நிற்பார்கள். அதுவே குதிரைப் பட்டி. பழக்கிய குதிரை அந்தக் கயிற்றைத் தாண்டாது.

உடுப்பைப் பார்ப்போம். பூட்ஸின் உயர்ந்த குதிகால் அங்கவடிக்குள் பாதம் முழுக்க நுழைந்துவிடாமல் தடுக்கும். கூர்ந்த முனை உள்ளே எளிதாகப் போகும், வழவழப்பான அடித்தோல் எளிதாக வெளியே வரும். குதிரை விழுத்தாட்டிய பின் கால் அங்கவடியில் மாட்டி இழுபட்டுச் செத்தவர்கள் பலர். பூட்ஸின் வடிவமே அந்தச் சாவைத் தவிர்க்க உண்டானது. முள்காட்டில் தொடையைக் காப்பது சேப்ஸ் என்ற தோல் காலுறை. மொன்டானா குளிரில் மயிர் உள்ள ஆட்டுத்தோலில் அதையே செய்தார்கள். ஸ்டெட்சன் 1865-இல் கொண்டுவந்த அகல விளிம்புத் தொப்பி வெயிலுக்கும் மழைக்கும் பொது. ரிவெட் அடித்த டெனிம் கால்சட்டைக்குக் காப்புரிமை 1873-இல்தான் வந்தது.

சேணம் 16 முதல் 18 கிலோ. உள்ளே மரச்சட்டம், அதன் மேல் பதப்படுத்தாத தோலை ஈரமாக இழுத்துத் தைத்துக் காயவிடுவார்கள். காயும்போது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். 400 கிலோ மாடு கயிற்றை வெட்டி இழுக்கும்போது உடையாமல் நிற்பது அந்தச் சட்டத்தால்தான். மேலே தெரியும் தோல் வேலைப்பாட்டைப் பார்த்துச் சேணம் வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். குதிரையின் முதுகில் சட்டத்தின் இரு பலகைகளும் முழுநீளமும் படிகின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் நான்கு முனையிலும் புண் வரும். சேணத்தை எடுத்ததும் முதுகில் வியர்வை படியாத உலர்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அழுத்தம் அதிகம் என்று அர்த்தம்.

வயிற்றுவார் இரண்டு இருக்கும் சேணத்தில் முன்வாரை முதலில் கட்டி, கழற்றும்போது பின்வாரை முதலில் அவிழ்க்க வேண்டும். மாற்றிச் செய்து, நடுவில் குதிரை நகர்ந்துவிட்டால், சேணம் வயிற்றுக்குக் கீழே சுழன்று பின்வாரில் மட்டும் தொங்கும். குதிரை அதை உதைத்து நொறுக்கும். இரண்டு வாரையும் கீழே இணைக்கும் சின்னப் பட்டையை மறந்தாலும் ஆபத்து. பின்வார் அடிவயிற்றுக்குச் சரிந்து, குதிரை துள்ளத் தொடங்கும்.

#4 தெற்குச்சீமை

எல்லாரும் விவரமாக எழுதுகிறீர்கள், மகிழ்ச்சி. ஒரு கேள்வி. துப்பாக்கி வெறும் கற்பனையா? அத்தனை ஓவியத்திலும் நிழற்படத்திலும் இடுப்பில் இருக்கிறதே.

#5 மேய்ச்சல்நிலம்

இருந்தது நண்பரே, ஆனால் இடுப்பில் இருந்த நேரம் குறைவு. ஒரு கிலோ இரும்பு இடுப்பில் தொங்கினால் கயிறு வீசும் கைக்கு இடைஞ்சல். ஒரு குண்டுச் சத்தம் 2,500 மாட்டையும் எழுப்பிவிடும். அதனால் பல மந்தைகளில் துப்பாக்கி சமையல் வண்டியில் கிடந்தது. டெக்சாஸில் 30 லட்சம் ஏக்கரில் விரிந்திருந்த எக்ஸ்ஐடி பண்ணை 1888-இல் வெளியிட்ட விதிகளில் வேலையாட்கள் கைத்துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது, சூதாடக்கூடாது, குடிக்கக்கூடாது என்று இருக்கிறது. டாட்ஜ் சிட்டி, அபிலீன் போன்ற மாட்டு நகரங்களிலும் ஊருக்குள் ஆயுதம் தூக்கத் தடை இருந்தது. நிழற்படங்களில் பல, கூலி வாங்கிய கையோடு நகரத்துக் கடையில் எடுத்தவை. புதுத் தொப்பி, புது பூட்ஸ், கூடவே ஒரு துப்பாக்கி என்று நின்றார்கள்.

துப்பாக்கி முன்னுக்கு வந்தது மேடையில். பஃபலோ பில் கோடி 1883-இல் தன் காட்சிக்குழுவைத் தொடங்கினார். 1887-இல் லண்டன் வரை போனது. மாட்டை மெதுவாக மேய்த்துக்கொண்டு போவதைக் காட்டினால் யாரும் சீட்டு வாங்க மாட்டார்கள். துப்பாக்கிச் சண்டையும், குதிரை மேல் வித்தையும், பூர்வகுடிகளோடு மோதலும் காட்டினால் கூட்டம் வரும். சினிமாவுக்கு அந்த உருவம் தயாராகக் கிடைத்தது. 1954-இல் தொடங்கிய மார்ல்போரோ விளம்பரம், பெண்களுக்கானது என்று கருதப்பட்ட ஃபில்டர் சிகரெட்டை ஆண்களிடம் விற்க அதே உருவத்தைப் பிடித்துக்கொண்டது.

இந்த உருவம் செய்த பெரிய அநியாயம் ஆட்களை மறைத்தது. வரலாற்றாசிரியர்களின் மதிப்பீட்டில் நெடும்பயணக் கௌபாய்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கறுப்பினத்தவர். மெக்சிகோ வம்சாவளியினரும் நிறைய. கயிறு, சேணக்கொம்பு (கயிற்றைச் சுற்றவோ கட்டவோ சேணத்தின் முன்பக்கம் நிற்கும் முளை), சேப்ஸ், சூட்டுக்கோல், குதிரை பழக்கும் முறை எல்லாமே ஸ்பானிய ஆட்சிக்கால மெக்சிகோவில் குதிரை மேல் மாடு மேய்த்த வக்கேரோக்களிடமிருந்து வந்தவை. பண்ணை முதலாளி சார்லஸ் குட்நைட் மிகவும் நம்பிப் பணத்தை ஒப்படைத்த போஸ் ஐகார்ட், அடிமையாகப் பிறந்தவர். ரோடியோ என்ற கௌபாய் போட்டிகளில், கொம்பைப் பிடித்துக் காளையை மல்லாத்தும் வித்தையை உருவாக்கிய பில் பிக்கெட்டும் கறுப்பினத்தவரே. அவர் 1932-இல் குதிரை உதைத்து இறந்தார். 1971-இல்தான் ரோடியோ வீரர்களுக்கான புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது.

தன்னந்தனியான, யாருக்கும் கட்டுப்படாத மனிதன் என்ற பிம்பமும் அப்படித்தான். 1883-இல் டெக்சாஸ் பான்ஹாண்டில் பகுதியில் கௌபாய்கள் மாதம் 50 டாலர் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். பண்ணை முதலாளிகள் வேறு ஆட்களை எடுத்தார்கள். சில மாதங்களில் போராட்டம் முறிந்தது. கூலி உயர்வு கேட்டு நின்ற இந்தத் தொழிலாளியைத் திரை பெரும்பாலும் காட்டியதே இல்லை.

#6 வடக்கயிறு

> கயிறு, சேணக்கொம்பு … எல்லாமே வக்கேரோக்களிடமிருந்து வந்தவை

சரிதான். ஆனால் டெக்சாஸ்காரர்கள் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. கயிற்றின் நுனியை எங்கே வைப்பது என்பதில் இரண்டு மரபுகள் இன்றைக்கும் உண்டு.

கலிஃபோர்னியா முறையில் கயிறு 60 அடியும் அதற்கு மேலும் நீளம். பதப்படுத்தாத தோலில் நான்கு புரியாகப் பின்னியது. மாட்டைப் பிடித்ததும் கையிலிருக்கும் கயிற்றைச் சேணக்கொம்பில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுவார்கள். இதுதான் டாலி. தோல் கயிறு திடீர் வெட்டைத் தாங்காது, அறுந்துவிடும். அதனால் கொம்பில் கயிறு கொஞ்சம் வழுகி, மாட்டின் வேகம் படிப்படியாக அடங்க வேண்டும். டெக்சாஸ் முறையில் கயிறு 30 அடி அளவு, மணிலா நாரில் திரித்தது, நுனி கொம்பில் நிரந்தரமாகக் கட்டியிருக்கும். புதர்க்காட்டில் மாடு ஒரு கணம்தான் கண்ணில் படும். சுற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, பிடித்தால் பிடித்ததுதான்.

சேணம் அவர்கள் சொன்ன இரட்டை வயிற்றுவாருக்குக் காரணமும் இதுவே. கட்டிய கயிற்றில் மாடு வெட்டும்போது சேணத்தின் பின்பக்கம் தூக்கும். பின்வார் அதை அமுக்கும். வழுகவிடும் கலிஃபோர்னியாக்காரருக்கு நடுவில் ஒற்றை வார் போதுமாக இருந்தது.

டாலியில் போவது கட்டைவிரல். கொம்பைச் சுற்றும்போது கட்டைவிரல் மேல்நோக்கி நிற்க வேண்டும், சுற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில். விரல் கீழ்நோக்கி இருந்தால் கயிற்றுக்கும் கொம்புக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். துண்டிக்கப்பட்டதும் நிறைய உண்டு. கொம்பைப் பார்த்துக்கொண்டு சுற்றாமல், கையைத் தன் வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து சுற்றப் பழக வேண்டும்.

ரோடியோவில் கொம்பில் ரப்பர் சுற்றுகிறார்கள். நொடிக் கணக்கில் போட்டி என்பதால் கயிறு உடனே பிடிக்க வேண்டும். பண்ணையில் அதைச் செய்தால் கன்றின் இடுப்பும் குதிரையின் முதுகும் அடி வாங்கும். அங்கே கோவேறு கழுதைத்தோல் சுற்றிய கொம்புதான் சரி. என் கருத்தில் பண்ணை வேலைக்கு டாலிதான் மேல். தேவையானால் கயிற்றை விட்டுவிடலாம். கட்டிய கயிற்றில் குதிரையும் மாடும் ஒன்றாக விழுந்தால் தப்ப வழியில்லை.

#7 பட்டிக்காவல்

அடர்ந்த முள்காட்டில் விட்ட மாட்டை மறுபடி பிடிக்க அரை நாள் போகும். தென் டெக்சாஸில் இன்றும் கட்டிப் பிடிப்பவர்கள் இருப்பது அதனால்தான். நிலம் முடிவு செய்கிற விஷயம் இது. இரண்டில் ஒன்றை மேல் என்று சொல்ல நான் ஒப்ப மாட்டேன்.

#8 வன்னிமைந்தன்

வணக்கம். எங்கட வன்னியிலயும் மட்டக்களப்பிலயும் மாட்டுக்குக் குறி சுடுற வழக்கம் இருக்கு. பட்டி மாடு காட்டில மேயுறதால ஆருடையது எண்டு தெரிய அதுதான் வழி. அமெரிக்காவில எப்பிடிச் சுடுகினம், என்ன பிழை வரும் எண்டு ஆராவது விவரமாச் சொல்லுங்கோ.

#9 சூட்டுக்கோல்

வாங்கோ வன்னிமைந்தன். அங்கே வேலை இளவேனிலில், கன்றுக்கு இரண்டு மூன்று மாதம் ஆனதும். கயிறு வீசுகிறவர் குதிரை மேலிருந்து கன்றின் இரு பின்னங்கால்களையும் சுருக்கில் பிடித்து நெருப்பருகே மெதுவாக இழுத்து வருவார். ஒரு காலை மட்டும் பிடித்து இழுத்தால் இடுப்பு விலகலாம். நல்ல குழுவில் அப்படிப் பிடித்ததை விட்டுவிட்டு மறுபடி வீசச் சொல்வார்கள். தரையில் இருவர் கன்றைச் சாய்த்து, ஒருவர் முன்னங்காலையும் மற்றவர் பின்னங்காலையும் பிடிப்பார்கள். தடுப்பூசி, காயடித்தல், காதுவெட்டு, சூடு எல்லாம் ஓரிரு நிமிடத்தில் முடியும். சப்பை நோய்க்கான ஊசி கழுத்தில் தோலுக்கடியில். மருந்துக் குப்பியை வெயிலில் வைத்தால் அது வெறும் தண்ணீராகிவிடும். பனிக்கட்டிப் பெட்டியில் இருக்க வேண்டும்.

சூட்டுக்கோலின் நிறம்தான் எல்லாம். சிவந்திருந்தால் அதிகச் சூடு: மயிர் பற்றிக்கொள்ளும், புண் ஆழமாகும், குறி பரந்து அழியும். கறுத்திருந்தால் குறைச்சல்: அதிக நேரம் அமுக்க வேண்டிவந்து, கன்று அசைந்து குறி இழுபடும். சாம்பல் பூத்த நிறம் வந்ததும் எடுக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நொடி, கோலை மெல்ல அசைத்து எல்லா விளிம்பும் படும்படி. தோல் புதுச் சேணத்தின் பழுப்பு நிறத்துக்கு வந்தால் போதும்.

ஈரக் கன்றுக்குச் சூடு போடவே கூடாது. மயிரிலுள்ள தண்ணீர் ஆவியாகி குறிக்கு வெளியேயும் வேகவைக்கும். ஆறியதும் எழுத்தே தெரியாது. மழை பெய்த மறுநாள் காலை வேலை தொடங்காமல் காத்திருப்பது அதனால்தான்.

கோலின் வாய் ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் தடிமன். மெல்லியதாக இருந்தால் கத்தி போல அறுக்கும். இரண்டு கோடுகள் சேரும் மூலையில் சூடு தேங்குவதால், அங்கே இரும்பில் சின்ன வெட்டு விடுவார்கள். மூடிய வட்டமும் சிறிய முக்கோணமும் உள்ள குறி உள்பக்கம் முழுக்க வெந்து ஒரே வடுவாகிவிடும். திறந்த வடிவமே நல்லது. கன்று வளர வளரக் குறியும் விரியும்.

படிக்கும் வரிசை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே. படுத்த எழுத்து சோம்பல், கீழே வில் போட்டால் ஆடும் எழுத்து, சிறகு வைத்தால் பறக்கும் எழுத்து. டெக்சாஸில் குறியை மாவட்ட அளவில் பதிவு செய்ய வேண்டும், பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உடலில் எந்த இடம் என்பதும் பதிவில் சேரும். இடது தொடையில் ஒருவருக்கும் வலது தொடையில் வேறொருவருக்கும் அதே குறி இருக்கலாம்.

திரவ நைட்ரஜனில் குளிர்வித்த செம்புக் கோலால் போடும் உறைகுறி 1960-களில் வந்தது. அது நிறம் தரும் செல்களைக் கொல்வதால் அந்த இடத்தில் வெள்ளை மயிர் முளைக்கும். கறுப்பு மாட்டில் தூரத்திலிருந்தே தெரியும், வலியும் குறைவு. ஆனால் மயிரை ஒட்டக் கத்தரித்து, ஆல்கஹால் தேய்த்து, அரை நிமிடமாவது அசையாமல் பிடிக்க வேண்டும். தரையில் துள்ளும் கன்றுக்கு ஒத்துவராது. இரும்புக் கூண்டு வேண்டும்.

#10 வன்னிமைந்தன்

நல்ல விளக்கம், நன்றி அண்ணை. மூலையில வெட்டு விடுற சங்கதி இஞ்ச கோல் அடிக்கிற கொல்லருக்குச் சொல்ல வேண்டியது.

#11 சீம்பால்

நெடும்பயணம் முடிந்த பிறகு கௌபாய் என்ன செய்கிறான் என்பதை யாரும் தொடவில்லையே. இன்றைய பண்ணையில் ஆண்டின் கடினமான காலம் கன்று ஈனும் பருவம். வடக்கு மாநிலங்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பனிக்கு நடுவில். தலையீற்றுக் கிடேரிகளை இரவிலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க்குடம் வந்து ஒரு மணி நேரமாகியும் முன்னேற்றம் இல்லையென்றால் கை கொடுக்க வேண்டும். முதலில் கையை நன்றாகக் கழுவி உள்ளே விட்டு, இரண்டு முன்னங்காலும் மூக்கும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். தலை பின்னால் மடங்கியிருக்கும்போது காலை இழுத்தால் கன்றும் போகும், தாயும் போகும். சங்கிலியை ஒரே சுருக்காகக் கட்டுவது பெரிய தவறு. கன்றின் கால் எலும்பு முறியும். குளம்புக்கு மேலுள்ள முட்டியின் மேற்புறம் ஒரு சுருக்கு, முட்டிக்குக் கீழே ஓர் அரைமுடிச்சு என்று விசையைப் பங்கிட வேண்டும். தாய் முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும். கால்களை மாற்றி மாற்றி இழுத்தால் தோள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். தலை வந்தபின் இழுப்பு தாயின் பின்னங்கால்களை நோக்கிக் கீழே திரும்ப வேண்டும். இடுப்பு சிக்கினால் கன்றைக் கால் பங்கு வட்டம் திருப்பினால் விடுபடும்.

வந்த கன்றைத் தலைகீழாகத் தொங்கவிடுவது பழைய வழக்கம். குடல் மூச்சுத் தசையை அமுக்குவதால் மூச்சு இன்னும் சிரமமாகும். மார்பு தரையில் படும்படி உட்கார்த்தி, மூக்குத் துளையில் வைக்கோலால் கிளறினால் போதும். பிறகு சீம்பால். இரண்டு மணி நேரத்துக்குள் நல்லது, ஆறு மணி நேரத்தைத் தாண்டவிடக்கூடாது. நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சும் திறன் 24 மணி நேரத்தில் அடைபட்டுவிடும். 35 கிலோ கன்றுக்கு முதல் 12 மணி நேரத்தில் மூன்று முதல் நாலு லிட்டர்.

#12 மேய்ச்சல்நிலம்

சீம்பால் அக்கா சொன்னதோடு வேலியையும் சேர்க்கிறேன். ஜோசப் கிளிடனின் முள்கம்பிக் காப்புரிமை 1874. அதன்பின் திறந்த மேய்ச்சல் சுருங்கியது. 1885-86 குளிர்காலத்தில் பனிப்புயலுக்கு முதுகைக் காட்டித் தெற்கே நகர்ந்த மாடுகள் பான்ஹாண்டில் வேலியில் முட்டி, அங்கேயே குவிந்து செத்தன. அடுத்த குளிர்காலம் வடக்குச் சமவெளியை அழித்தது. வைக்கோல் சேர்த்து வைக்காமல் மாடு வளர்க்க முடியாது என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து கௌபாய் கையில் கயிறோடு இடுக்கியும் வைக்கோல் முள்ளும் ஏறின.

கம்பி ஒரு சுருள் 1,320 அடி. வேலி விழுவது பெரும்பாலும் நடுவில் இல்லை, மூலையில். மூலைக்கம்பத்துக்கும் அதன் துணைக்கம்பத்துக்கும் மேலே குறுக்குக்கட்டை போட்டு, துணைக்கம்பத்தின் தலையிலிருந்து மூலைக்கம்பத்தின் அடிக்கு முறுக்குக் கம்பி இழுக்க வேண்டும். பலர் அதை எதிர்மூலையில் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டினால் அது எந்தப் பாரத்தையும் தாங்காது, மூலை சாயும். கோடை வெயிலில் கம்பியை விண்ணென்று இழுத்தால் குளிரில் சுருங்கி அறும். அறுந்த முள்கம்பி சுருண்டு முகத்தில் அடிக்கும். இழுக்கும்போது கம்பியின் நேர்க்கோட்டில் நிற்கக்கூடாது.

#13 தெற்குச்சீமை

வண்டியும் ஜீப்பும் வந்த பிறகும் குதிரை மேல் முழுநேரம் வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்களா?

#14 பட்டிக்காவல்

இருக்கிறார்கள் நண்பரே, அரசாங்கச் சம்பளத்தில். டெக்சாஸ் மாடு போன இடமெல்லாம் வடக்கு மாடு காய்ச்சலில் செத்தது. 1885-இல் கான்சாஸ் டெக்சாஸ் மாட்டைத் தடுத்ததும் அதனால்தான். உண்ணிதான் நோயைப் பரப்புகிறது என்று ஸ்மித், கில்போர்ன் என்ற ஆய்வாளர்கள் 1893-இல் நிறுவினார்கள். 1906-இல் உண்ணி ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. 1943-க்குள் ரியோ கிராண்டே ஆற்றங்கரைப் பட்டை தவிர மற்ற இடங்களில் ஒழிந்தது. அந்தப் பட்டையில் வேளாண் துறையின் உண்ணிக் காவலர்கள் இன்றும் குதிரையில் சுற்றுகிறார்கள். டெல் ரியோ முதல் பிரவுன்ஸ்வில் வரை ஏறக்குறைய 800 கிலோமீட்டர். மெக்சிகோ பக்கமிருந்து ஆற்றைக் கடந்து வரும் மாட்டின் குளம்புத் தடம் பார்த்து, நாணற்காட்டுக்குள் புகுந்து, கயிறு வீசிப் பிடிக்க வேண்டும். ஜீப் நுழையாத இடம் அது. பிடித்த மாட்டின் உடல் முழுக்கக் கைவிரலால் தடவி உண்ணி தேடுவார்கள். கண்ணால் பார்ப்பது போதாது, இளம் உண்ணி அவ்வளவு சிறியது. பிறகு மருந்துத் தொட்டியில் முழுக்க நனைப்பார்கள்.

இப்போது அவர்களுக்குப் பெரிய தலைவலி நம் நாட்டு நீல்காய் என்ற பெரிய மறிமான். 1930-ஐ ஒட்டி கிங் பண்ணையில் கொண்டுபோய் விட்ட நீல்காய்கள் தென் டெக்சாஸ் முழுக்கப் பெருகி, உண்ணியைச் சுமந்து வேலி தாண்டித் திரிகின்றன. அவற்றைத் தொட்டியில் நனைக்க முடியாது. மான்களுக்கு ஐவர்மெக்டின் என்ற உண்ணிமருந்து கலந்த மக்காச்சோளம் வைக்கிறார்கள். நீல்காய் அந்தத் தீனிக்கு வருவதில்லை. வேலியடியில் அது நுழைந்து போகும் துளைகளில் தானாக மருந்து தெளிக்கும் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். எந்தத் துளையில் போகிறது என்று தடம் பார்த்துச் சொல்ல, அங்கேயும் ஆள் நடமாட்டம் வேண்டியிருக்கிறது.